ஒரே பீமில் சிப் 2.6, டிஸ்க் 18: எதை நம்புவது?

கேள்வி: கதிர்வீச்சு அளவியல் ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்பராக இருக்கிறேன். கதிர் டோஸை அளக்கும் லித்தியம் ஃபுளோரைடு சிப்புகளையும், டெஃப்லானில் பொதிந்த கால்சியம் சல்பேட் டிஸ்க்குகளையும் அருகருகே வைத்து சீசியம்-137 மூலத்தில் 2 மில்லிகிரே கொடுத்தால் இரண்டும் 2 என்றே காட்டுகின்றன. அவற்றையே 80 கிலோவோல்ட் எக்ஸ்ரே குழாயின் முன் வைத்தால் சிப் 2.6 காட்டுகிறது, டிஸ்க் 18 காட்டுகிறது. டிஸ்க்குகள் கெட்டுவிட்டனவா? இன்னொரு சந்தேகம்: காமா கதிர் சுவரையே ஊடுருவிப் போகிறதே, 1 மில்லிமீட்டர்கூட இல்லாத சிப் அதை எப்படி உறிஞ்சுகிறது? இன்னும் தடிமனான சிப் வாங்கினால் துல்லியம் கூடுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

டிஸ்க்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தால் அவை மிகச் சரியாக வேலை செய்கின்றன. சிப்பும் சரி, டிஸ்க்கும் சரி, தான் வாங்கிய டோஸைத்தான், அதாவது தன் ஒவ்வொரு கிலோவிலும் தங்கிய கதிர் ஆற்றலைத்தான், சொல்லும். பக்கத்தில் இருக்கும் காற்றோ, மனிதத் தசையோ எவ்வளவு வாங்கியது என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் நீங்கள். சீசியத்துக்கு எடுத்த கணக்கை எக்ஸ்ரேக்கும் போட்டதுதான் பிழை.

முதலில் இரண்டாவது சந்தேகத்தை எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதலாவது தானாக அவிழும்.

'உறிஞ்சுதல்' என்ற சொல்தான் இங்கே குழப்புகிறது. பஞ்சு தண்ணீரை இழுப்பது போல சிப் காமாவை இழுப்பதில்லை. கதிர் ஃபோட்டான்கள் என்னும் ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது; அவற்றில் பெரும்பாலானவை சிப்பைத் தொடாமலே போய்விடும். உங்கள் சிப் வழக்கமான 3.2 × 3.2 × 0.9 மி.மீ. அளவு என்று வைத்துக்கொள்வோம். லித்தியம் ஃபுளோரைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.64 கிராம். அதாவது 0.9 மி.மீ. தடிமன் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.24 கிராம் பொருள். சீசியத்தின் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கி.எ.வோ.) ஃபோட்டானுக்கு இந்தப் பொருளின் நிறைத் தணிப்புக் கெழு (ஒரு கிராம் பொருள் ஃபோட்டானை எவ்வளவு மறிக்கும் என்ற அளவு) கிராமுக்கு ஏறக்குறைய 0.071 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 0.017. நூறு ஃபோட்டான் நுழைந்தால் இரண்டுகூட மோதுவதில்லை. 98 பேர் நேராகக் கடந்து போகிறார்கள்.

அந்த இரண்டு சதவீதம் போதுமா என்றால், தாராளமாகப் போதும். 1 மில்லிகிரே என்பது கிலோவுக்கு ஆயிரத்தில் ஒரு ஜூல். சிப்பின் எடை 24 மில்லிகிராம். கணக்குப் போட்டால் சிப்பில் தங்கும் ஆற்றல் சுமார் ஒன்றரை லட்சம் மெகா எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. 662 கி.எ.வோ. ஃபோட்டான் ஒரு மோதலில் சராசரியாக 250 கி.எ.வோ.வை எலக்ட்ரானிடம் கொடுக்கும். ஆக 1 மில்லிகிரேக்கு ஆறு லட்சம் மோதல்கள். புள்ளியியல் ஏற்ற இறக்கம் உங்கள் ரீடரின் (சிப்பைச் சூடாக்கி ஒளியை அளக்கும் கருவியின்) பிழையைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

மோதிய ஃபோட்டானும் நேரடியாக எதையும் பதிவு செய்வதில்லை. அது ஒரு எலக்ட்ரானைக் கிளப்பி விடுகிறது, அவ்வளவுதான். அந்த எலக்ட்ரான் படிகத்துக்குள் ஓடி, வழி நெடுகிலும் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்க்கிறது. பெயர்ந்தவற்றில் பெரும்பாலானவை உடனே திரும்பி விழுந்துவிடும். சில மட்டும் படிகக் குறைபாடுகளில், அதாவது டிராப்களில், சிக்கிக்கொள்ளும். இதற்காகத்தான் லித்தியம் ஃபுளோரைடில் மக்னீசியமும் டைட்டானியமும், கால்சியம் சல்பேட்டில் டிஸ்ப்ரோசியமும் துளியளவு சேர்க்கிறார்கள். சூடாக்கும்போது சிக்கியவை விடுபட்டு ஒளியாகின்றன. ரீடர் எண்ணுவது அந்த ஒளியை. மக்னீசியம்-டைட்டானியம் சேர்ந்த லித்தியம் ஃபுளோரைடில், வாங்கிய ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகத்தான் ஒளியாகத் திரும்புகிறது. இருந்தும் அந்தப் பங்கு ஒவ்வொரு முறையும் மாறாமல் இருப்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. பங்கு மாறினால் என்னவாகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் அது நடக்கவும் கூடும்.

இப்போது 18க்கு வருவோம்.

ஃபோட்டான் எலக்ட்ரானைக் கிளப்ப மூன்று வழிகள் உண்டு. இணை உருவாக்கத்துக்கு 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட்டாவது வேண்டும். உங்கள் இரண்டு மூலங்களிலும் அது நடக்காது, விட்டுவிடலாம். மீதி இருப்பவை காம்ப்டன் சிதறலும் ஒளிமின் விளைவும்.

காம்ப்டன் சிதறலில் ஃபோட்டான் ஏறக்குறைய கட்டற்ற ஓர் எலக்ட்ரானை இடித்துவிட்டு, மீதி ஆற்றலோடு திசை மாறிப் போகிறது. எந்தத் தனிமத்தின் எலக்ட்ரான் என்று அது பார்ப்பதில்லை. ஒரு கிராமில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பதே கணக்கு. ஹைட்ரஜனைத் தவிர்த்தால் லேசான தனிமங்கள் எல்லாவற்றுக்கும் இந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே. 662 கி.எ.வோ.வில் நடப்பதெல்லாம் காம்ப்டன்தான். அதனால் சீசியத்தின் முன் சிப்பும் டிஸ்க்கும் காற்றும் தசையும் ஏறக்குறைய ஒரே ரகம். இரண்டும் 2 காட்டியதில் வியப்பில்லை.

ஒளிமின் விளைவு நேர் எதிர். ஃபோட்டான் முழுதாக மறைந்து, அணுவின் உள்கூட்டு எலக்ட்ரான் ஒன்று வெளியேறுகிறது. ஒரு கிராம் பொருளில் இது நடக்கும் வாய்ப்பு அணு எண்ணின் மும்மடிக்கு ஏறத்தாழ நேர் விகிதத்திலும், ஆற்றலின் மும்மடிக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். அணு எண் இரட்டித்தால் வாய்ப்பு எட்டு மடங்கு. ஆற்றல் பாதியானால் இன்னும் எட்டு மடங்கு.

80 கிலோவோல்ட் குழாயிலிருந்து வரும் பீம் 80 கி.எ.வோ. இல்லை. வழக்கமான ஃபில்டருடன் அதன் சராசரி 40 கி.எ.வோ.வை ஒட்டியே இருக்கும். அந்த ஆற்றலில் இரண்டு விளைவுகளும் விட்டுச் செல்வதை ஒப்பிட்டுப் பாருங்கள். காம்ப்டனில் எலக்ட்ரானுக்குக் கிடைப்பது சராசரியாக 3 கி.எ.வோ.கூட இல்லை. ஒளிமின் விளைவிலோ 40 கி.எ.வோ.வும் அநேகமாக அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஒளிமின் மோதல்கள் சிறிது கூடினாலே டோஸ் எகிறும்.

கலவைப் பொருள்களை ஒப்பிடப் பயனுறு அணு எண் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு தனிமமும் தரும் எலக்ட்ரான் பங்கை அதன் அணு எண்ணின் 2.94ஆம் அடுக்கால் பெருக்கி, கூட்டி, 2.94ஆம் மூலம் எடுத்தால் கிடைப்பது. நீருக்கு 7.4, காற்றுக்கு 7.6, லித்தியம் ஃபுளோரைடுக்கு 8.2, கால்சியம் சல்பேட்டுக்கு 15.3. பெரிலியம் ஆக்சைடு 7.2 அளவில் நீருக்குச் சற்றுக் கீழே நிற்கும். லித்தியம் போரேட் நீரோடு ஒட்டியே இருக்கும். அலுமினியம் ஆக்சைடு 10க்கும் 11க்கும் இடையே வரும். தசைக்குச் சமமானது என்று விற்பனைக் கையேடுகள் சொல்வதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

40 கி.எ.வோ. அருகே, சீசியத்தில் அளவுதிருத்திய கால்சியம் சல்பேட் டிஸ்க் ஒன்பது பத்து மடங்கு கூடுதலாகக் காட்டும். அந்தப் பொருள் அறிந்தவர்களுக்கு இது பழகிய எண். மக்னீசியம்-டைட்டானியம் சேர்ந்த லித்தியம் ஃபுளோரைடு 1.3 மடங்கு காட்டும். உங்கள் 18ஐ 9ஆல் வகுங்கள், 2.6ஐ 1.3ஆல் வகுங்கள். இரண்டிலும் 2.0. காற்றில் விழுந்த உண்மை டோஸ் 2 மில்லிகிரேதான் என்று இரண்டு பொருள்களும் ஒரே குரலில் சொல்கின்றன. ஆனால் இந்த 9ஐயும் 1.3ஐயும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு எல்லா பீமுக்கும் போட்டுவிடக் கூடாது. 100 கி.எ.வோ.வுக்கு மேல் டிஸ்க்கின் எண் வேகமாகச் சரியும். சில நூறு கி.எ.வோ. போவதற்குள் 1க்கு வந்துவிடும். 60 கிலோவோல்ட் பீம், 120 கிலோவோல்ட் பீம், நோயாளியின் உடலில் பட்டுச் சிதறியது என ஒவ்வொன்றுக்கும் எண் வேறு.

அப்படியானால் ஆற்றல் தெரியாத இடத்தில் கால்சியம் சல்பேட்டை எப்படிப் பயன்படுத்துவது? ஊழியர்கள் அணியும் பேட்ஜில் ஃபில்டர்கள் இருப்பது இதற்காகவே. மூன்று டிஸ்க் பேட்ஜில் ஒன்றின் மேல் 1 மி.மீ. செம்பும் 1 மி.மீ. அலுமினியமும் இருக்கும். இன்னொன்றின் மேல் பிளாஸ்டிக். மூன்றாவது திறந்தபடி. 1 மி.மீ. செம்பு 40 கி.எ.வோ. ஃபோட்டான்களில் நூற்றுக்கு ஒன்றைத்தான் உள்ளே விடும். 100 கி.எ.வோ.வில் 66 சதவீதம் போகும், 662இல் 94 சதவீதம். ஆக பிளாஸ்டிக்குக்குக் கீழே உள்ள டிஸ்க்கின் அளவை உலோகத்துக்குக் கீழே உள்ளதன் அளவால் வகுத்தால் வந்த கதிரின் ஆற்றல் பிடிபட்டுவிடும். விகிதம் 1ஐ ஒட்டி இருந்தால் காமா. ஏற ஏற, மென்மையான எக்ஸ்ரே. அந்த விகிதத்தை வைத்துத்தான் திருத்தக் காரணியைத் தேர்ந்தெடுக்கிறோம். உலோக ஃபில்டரை மாட்டும்போது செம்பு வெளிப்பக்கம், அலுமினியம் டிஸ்க்கை ஒட்டி. மாற்றி வைத்தால் செம்பு தானே வெளியிடும் 8 கி.எ.வோ. எக்ஸ்ரே டிஸ்க்கில் போய் விழும். பேட்ஜைத் திருப்பி மாட்டிக்கொள்வது, ஃபில்டர் நழுவியிருப்பது, கதிர் பக்கவாட்டில் வருவது ஆகிய மூன்றும் விகிதத்தைக் கெடுக்கும். பொருளற்ற விகிதம் வந்தால் டோஸைக் கணக்கிட உட்காராமல் முதலில் பேட்ஜ் ஹோல்டரைத் திறந்து பாருங்கள்.

தடிமனான சிப் பற்றி: வேண்டாம் என்பேன். காமாவில் ஒளி கூடும், துல்லியம் கூடாது. குறைந்த ஆற்றலில் சிப்பின் முன்பக்கமே கதிரைத் தின்றுவிடுவதால் பின்பக்கம் பட்டினி கிடக்கும், சராசரி கீழே போகும். போதாததற்கு, தடித்த சிப் மெதுவாகவே சூடேறும்; க்ளோ கர்வின் (சூடு ஏற ஏற வரும் ஒளியின் வரைபடத்தின்) முகடுகள் அகன்று ஒன்றோடொன்று கலக்கும். குறைந்த டோஸ் அளக்க வேண்டுமானால் பொருளை மாற்றுங்கள். மக்னீசியம், செம்பு, பாஸ்பரஸ் சேர்த்த லித்தியம் ஃபுளோரைடு உங்கள் சிப்பைவிட 25 மடங்கு அளவுக்குக் கூடுதல் ஒளி தரும். ஆனால் அதை 240 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோனால் உணர்திறன் போய்விடும். பிறகு மீட்பது கடினம்.

தடிமன் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் சிப்புக்கு வெளியே இருக்கிறது. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சீசியம் கிளப்பும் காம்ப்டன் எலக்ட்ரானுக்கு உச்சபட்சம் 478 கி.எ.வோ. ஆற்றல் உண்டு, நீரில் அது ஏறக்குறைய 1.5 மி.மீ. ஓடும். சிப்புக்குள் விழும் டோஸில் கணிசமான பங்கு அதற்கு முன்னால் இருக்கும் பொருளில் பிறந்த எலக்ட்ரான்களுடையது. சிப்பை வெறுமனே நூலில் தொங்கவிட்டுச் சீசியத்துக்குக் காட்டினால் குறைவாகக் காட்டும். காரணம், உள்ளே வர வேண்டிய எலக்ட்ரான்கள் முன்னால் பிறக்கவே இல்லை. அக்ரிலிக் தகடு முன்னால் இருக்க வேண்டும். சீசியத்துக்கு 2 முதல் 3 மி.மீ., கோபால்ட்-60க்கு 4 முதல் 5 மி.மீ. அதே நேரம் சிப்பை ஈயத் தகட்டின் மேல் ஒட்டி வைக்காதீர்கள்; ஈயத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் சிப்பின் அடிப்பக்க டோஸை ஏற்றிவிடும். 40 கி.எ.வோ. எக்ஸ்ரேயில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பிறக்கும் எலக்ட்ரான் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஓடுவதற்குள் நின்றுவிடும். சிப்புக்குள் பிறந்தது சிப்புக்குள்ளேயே தீரும். அதனால்தான் அங்கே பொருளின் அணு எண் மட்டுமே டோஸை முடிவு செய்கிறது. சீசியத்தில் உறையும் பேசும். எக்ஸ்ரேயில் சிப் மட்டுமே பேசும்.

இனி உங்கள் எக்ஸ்ரே அளவீட்டுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கையில் அளவுதிருத்திய அயனாக்க அறை (கதிர் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தை வைத்து டோஸை அளக்கும் கருவி) இருந்தால் வேலை எளிது. பயன்படுத்தப் போகும் அதே கிலோவோல்ட்டையும் அதே ஃபில்டரையும் வைத்து, பீமின் அரைமதிப்புத் தடிமனை, அதாவது பீமைப் பாதியாக்கும் தடிமனை, மி.மீ. அலுமினியத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிலோவோல்ட் எண்ணைவிட இந்த அளவே பீமின் தன்மையைச் சரியாகச் சொல்லும். காற்றில் அயனாக்க அறையை வைத்து டோஸை எடுத்துவிட்டு, அதே புள்ளியில் ஐந்து சிப்புகளை வையுங்கள். பின்னால் மேசையோ சுவரோ கூடாது; சிதறிய கதிர் திரும்பி வந்து எண்ணை ஏற்றும். 1, 2, 5 மில்லிகிரே என மூன்று டோஸ்களில் எடுத்து, ரீடர் எண்ணை அயனாக்க அறையின் டோஸுக்கு எதிராக வரைந்தால் அந்த பீமுக்கான காரணி கிடைத்துவிடும். தனிநபர் பேட்ஜுக்கான அளவுதிருத்தம் என்றால் காற்றில் செய்யக் கூடாது. உடலுக்குப் பதிலாக நிற்கும் 30 × 30 × 15 செ.மீ. ஃபேன்டமின் முன்பக்கத்தில் மாட்டித்தான் செய்ய வேண்டும். உடலிலிருந்து திரும்பி வரும் சிதறலும் பேட்ஜ் காணும் கதிரில் அடக்கம். நாம் கணக்கிட விரும்புவதும் தோலுக்கு 10 மி.மீ. அடியில் உள்ள டோஸை.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், கண்டறியும் எக்ஸ்ரே வேலைக்குச் சிப். ஆற்றல் காரணி 1.3இலிருந்து கொஞ்சம் அசைந்தாலும் பிழை சில சதவீதத்தோடு போய்விடும். ஃபில்டர் இல்லாத டிஸ்க்கில் அதே அசைவு பிழையை மடங்குக் கணக்கில் காட்டும். டிஸ்க்கின் பலம் அதன் ஒளியில் இருக்கிறது. பேட்ஜுக்குள், ஃபில்டர்களோடு, அதை மிஞ்சுவது கடினம்.

மேலே சொல்லி வைத்த விஷயத்துக்கு வருகிறேன்: ஒளியாகத் திரும்பும் பங்கு மாறாமல் இருப்பது. அதை மாற்றிவிடுவது பெரும்பாலும் நம் கைகள்தான். லித்தியம் ஃபுளோரைடு சிப்புக்கு அனீலிங் (மறுபடி பயன்படுத்தும் முன் சூடாக்கிப் பழைய பதிவை அழிப்பது) 400 டிகிரியில் ஒரு மணி, பிறகு 100 டிகிரியில் இரண்டு மணி. இரண்டுக்கும் நடுவே ஆறவிடும் வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நாள் அடுப்பிலிருந்து எடுத்து உலோகத் தகட்டின் மேல் வைத்து, மறுநாள் அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டால் மக்னீசியம் அணுக்கள் வேறு விதமாகத் திரளும், உணர்திறன் மாறிவிடும். டெஃப்லான் டிஸ்க்கை மறந்தும் அந்த 400 டிகிரி அடுப்பில் வைக்காதீர்கள். டெஃப்லான் 327 டிகிரியில் உருகும். டிஸ்க்குக்கு 230 டிகிரி, நான்கு மணி நேரம்.

சிப்பை விரலால் தொட்டால் தோலின் எண்ணெய் சூட்டில் கருகிப் படிந்து ஒளியை மறைக்கும். கூர்மையான இடுக்கி பட்டால் கீறல் விழும், ஓரம் உடையும். வெற்றிட இடுக்கி நல்லது. ரீடரில் நைட்ரஜன் ஓட்டம் குறைந்தால், டோஸே வாங்காத சிப்கூட ஆக்சிஜன் தயவில் கொஞ்சம் ஒளிரும். 0.1 மில்லிகிரேக்குக் கீழே அளக்கும்போது இந்தப் பொய் ஒளி மெய் ஒளியோடு போட்டி போடும். கர்வின் 300 டிகிரிப் பக்கம் காரணமில்லாமல் மேலேறினால் முதலில் சிலிண்டரைப் பாருங்கள்.

கதிர் கொடுத்த உடனே ஒரு சிப்பையும் மறுநாள் இன்னொன்றையும் படிக்காதீர்கள். தாழ்ந்த வெப்பநிலை முகடுகள் அறைச் சூட்டிலேயே சில மணி நேரத்திலும் சில நாளிலும் கரைந்துபோகும். படிப்பதற்கு முன் 100 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து அவற்றைத் துடைத்துவிட்டு, 200 டிகிரி அருகே வரும் முக்கிய முகட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். டோஸ் 1 கிரேயைத் தாண்டினால் லித்தியம் ஃபுளோரைடு நேர்கோட்டைவிட்டு மேலே வளையும். அந்த எல்லைக்கு மேல் தனி வளைவரை வேண்டும்.

ஒவ்வொரு சிப்புக்கும் தனித் திருத்த எண் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். எல்லாச் சிப்புகளையும் ஒரே தொகுதியாக அனீல் செய்து, சீசியத்தில் 5 மில்லிகிரே கொடுத்து, 24 மணி நேரம் கழித்துப் படியுங்கள். தொகுதியின் சராசரியை அந்தந்தச் சிப்பின் எண்ணால் வகுத்தால் வருவதே அதன் திருத்தம். மூன்று முறை செய்து, மூன்றிலும் ஒத்துவராத சிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். கதிர் கொடுக்காத ஐந்து சிப்புகள் எப்போதும் அதே பெட்டியில், அதே அடுப்பில், அதே ரீடரில் கூடவே போய்வர வேண்டும். பின்னணி அளவைக் கழிக்க வேறு வழி இல்லை.